மூசைக்குத் தப்பிய பொற்காசு

நாணயம் என்னுஞ் சொல் தமிழில் இருபொருள் தருவது. கையிற் புரளும் காசுக்கும் அதுவே பெயர்; சொன்ன சொல் தவறாத நேர்மைக்கும் அதுவே பெயர். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அடங்கியது பொருத்தமே. இவ்வளவு எடை, இவ்வளவு மாற்று என்று அரசு கொடுக்கும் வாக்கே காசாகின்றது. அவ்வாக்கைக் காத்த அரசுகளையும் கைவிட்ட அரசுகளையும் பழைய காசுகள் இன்றும் பெயர் சொல்லிக் காட்டுகின்றன. ஆயினும் செப்புக் காசுக்கும் வெள்ளிக் காசுக்கும் இல்லாத ஓர் இடர் பொற்காசுக்கு உண்டு. பொன் எக்காலத்தும் விலைபோவது. ஆதலால் தட்டாரின் மூசை அதனை எக்காலத்தும் எதிர்நோக்கி நிற்கின்றது. இவ்விடருக்குத் தப்பி நின்ற சிலவற்றின் வரலாற்றையும், அவற்றைத் தேடித் தொகுத்தலால் விளைந்த பயனையும் ஈண்டு ஆராய்வாம்.

கண்டி மாநகருக்கு வடபால் மகாவலி கங்கை வளைந்தோடும் இடத்தில் அமைந்தது கட்டுகஸ்தோட்டை. 'தோட்டை' என முடியும் ஊர்ப்பெயர்கள் துறையைக் குறிக்கும் சிங்களச் சொல்லாகிய 'தொட்ட' என்பதன் வழி வந்தவை. மாத்தளைக்கும், அதற்கப்பால் தம்புள்ளை, திருகோணமலை, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களுக்கும் செல்லும் வழி இத்துறையைக் கடந்தே சென்றது. துறை என்பது ஆட்களும் பண்டங்களும் கடக்குமிடம். அவர்தம் மடியிலிருந்த காசும் உடன் கடந்தது. ஆகவே இவ்வூரில் நின்று நோக்குவோர்க்கு ஈழநாட்டுக் காசுகளின் வரலாறு முழுவதும் ஆற்றைக் கடந்து செல்லும் ஒரு நீண்ட வரிசையாகத் தோன்றும்.

ஈழத்துப் பொற்காசுகள்

இலங்கை வேந்தர் அடித்த பொற்காசுகளுள் முதன்மையானது 'கஹவணு' எனப்படுவது. கார்ஷாபணம் என்னும் வடசொல்லின் திரிபு இது. இதன் ஒருபுறத்தில் நின்ற கோலத்தில் மன்னனுருவும், மறுபுறத்தில் அமர்ந்த கோலத்தில் ஓர் உருவும் அதன் அருகே 'ஸ்ரீ லங்காவிபு' என்னும் நாகரி எழுத்துகளும் காணப்படும். எடை ஏறக்குறைய நாலேகால் கிராம். இதனைப் பாதியாகவும் காலாகவும் அரைக்காலாகவும் பகுத்துச் சிறு காசுகளும் அடித்தனர். அரைக்கால் காசுக்கு 'அக்க' என்று பெயர். பொன்னை நிறுக்கும் அளவைகளிலும் தமிழுக்கும் சிங்களத்துக்கும் உறவுண்டு. தமிழரின் கழஞ்சுக்கு நேராக அங்கே 'களந்த' நிற்கின்றது. மஞ்சாடிக்கு நேராக 'மதட்ட' நிற்கின்றது. அரசர் போரிட்ட காலத்தும் இரு மொழி வணிகரும் ஒரே தராசைப் பயன்படுத்தினர் என்பதற்கு இச்சொற்கள் சான்றாவன.

சோழர் கல்வெட்டுகளில் 'ஈழக்காசு' என்னும் பெயர் வருவதை வரலாறு பயில்வோர் அறிவர். கோயிலுக்குப் பொருள் கொடுத்தோர் அதனை ஈழக்காசாகக் கணக்கிட்டனர் எனின், அக்காசு தமிழகத்தில் நன்கு அறியப்பட்டதும் நம்பத்தக்கதுமாய் இருந்திருத்தல் வேண்டும். பொலன்னறுவையிற் சோழராட்சி நிலைபெற்ற காலத்தில், இராசராசன் பெயர் பொறித்த காசுகளிலும் நின்ற உருவமும் அமர்ந்த உருவமுமே இடம்பெற்றன. வென்றவர் தோற்றவரின் நாட்டை ஆண்டபோதும் அந்நாட்டு மக்கள் கைக்குப் பழகிய காசின் வடிவத்தை மாற்றவில்லை. வாளால் நாட்டைக் கொள்ளலாம். சந்தையின் நம்பிக்கையை அவ்வாறு கொள்ளுதல் இயலாது என்பதைச் சோழ வேந்தரும் உணர்ந்திருந்தனர் போலும்.

பின்னர் வந்த மாற்றம் இரங்கத்தக்கது. முதலாம் பராக்கிரமபாகு (1153-1186) பொலன்னறுவையிற் பெருங்குளங் கட்டியவன்; கடல் கடந்தும் படை செலுத்தியவன். சூளவம்சம் அவன் பெருமையை விரிவாகப் பாடுகின்றது. அவன் பெயர் பொறித்து இன்று மிகுதியாகக் கிடைக்கும் காசோ செம்பினால் ஆனது. பழைய பொற்காசின் அதே உருவங்கள். உலோகம் மட்டும் வேறு. அவனுக்குப் பின் வந்த நிசங்கமல்லன், லீலாவதி முதலியோர் காசுகளும் செம்பே. புகழ்மொழியைப் புலவர் எழுதலாம். கருவூலத்தின் நிலையைக் காசு எழுதிவிடுகின்றது. இவ்வுண்மையை நமக்குக் காட்டுவன நூல்களில் இல்லை. மண்ணிலிருந்து கிடைத்து, உருக்கப்படாமல் ஒருவர் கையில் தங்கிய சில காசுகளே காட்டின.

கண்டியரசின் செலாவணி

கண்டியரசு தனக்கெனப் பொற்காசு அடித்து வழங்கிய அரசன்று. அங்கே வழங்கிய காசுகளைப் பற்றிக் கண்ணாற் கண்டு எழுதியவர் ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். இரண்டாம் இராசசிங்கன் காலத்தில், 1660 முதல் 1679 வரை மலைநாட்டிற் சிறையிருந்த அவர், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் மூவகைக் காசுகளைக் கூறுகின்றார். முதலாவது போர்த்துக்கேயர் அடித்தது. இரண்டாவது தூண்டில்முள்ளைப் போல் வளைத்த வெள்ளிக் கம்பி. பாரசீகத்து லார் என்னும் நகரின் பெயரால் 'லாரின்' என்று பிறநாட்டார் வழங்கியதும், சிங்களத்தில் வெள்ளியைக் குறிக்கும் 'ரிதி' என்னும் பெயர் பெற்றதும் இதுவே. மூன்றாவது மன்னனுக்கே உரிய மிகச் சிறு காசு. பிறர் அடித்தால் மரணதண்டனை. அதன் பெயரை நொக்ஸ் 'பொன்னம்' என்று எழுதினார். அது நம் 'பணம்' என்னுஞ் சொல்லே என்பது வெளிப்படை.

கொக்கிக் காசை மன்னன் இசைவோடு எவரும் செய்யலாம் என்றும், விரும்பிய முத்திரையை அதன்மேல் இடலாம் என்றும் நொக்ஸ் கூறுகின்றார். அவ்வாறாயின் அதன் தூய்மைக்கு உறுதி யாது? அதற்கும் அவர் விடை தருகின்றார். ஐயுறவு கொண்டவர் அவ்வெள்ளியை நெருப்பிலிட்டுச் செந்நிறமாகக் காய்ச்சி நீரில் இடுவர். அதன்பின் அது தூய வெண்மையாகத் தோன்றாவிடின் அக்காசு செல்லாது. அரசன் முத்திரை உறுதி தராத இடத்தில் நெருப்பும் நீரும் உறுதி தந்தன. மன்னனின் பணம் எழுபத்தைந்து கொண்டது ஒரு இசுப்பானிய வெள்ளித் தாலர் என்னும் கணக்கும் அவர் நூலில் உண்டு. அத்தாலர்களிற் பெரும்பாலானவை மெக்சிக்கோ, பெரு முதலிய அமெரிக்க நாட்டுச் சுரங்க வெள்ளியால் ஆனவை. எனவே கடலோரத் துறைமுகங்கள் அனைத்தையும் பிறர் கைப்பற்றி, மலைகளால் சூழப்பட்டுத் தனித்து நின்ற கண்டியிலும், அமெரிக்க வெள்ளி பதினேழாம் நூற்றாண்டிலேயே கணக்கிற்கு அளவுகோலாக நின்றது. பெரிய காசுக்கு இந்நாட்டார் தென்னிந்திய வராகனை அறிந்திருந்தனர்.

யானைக் காசும் பவுணும்

ஒல்லாந்தருக்குப் பின் கரையோரத்தைக் கைக்கொண்ட ஆங்கிலேயர் 1801 முதல் யானை பொறித்த காசுகளை வெளியிட்டனர். 1803ஆம் ஆண்டு பொறித்த தடித்த வெள்ளிக் காசுகளும் உள. அதே 1803ஆம் ஆண்டு ஆனித் திங்களில், கண்டியை விட்டு நீங்கிய மேஜர் டேவியின் படை, பெருகியோடிய மகாவலியைக் கடக்க வழியின்றிக் கட்டுகஸ்தோட்டைக்கு அண்மையிலுள்ள வட்டப்புலுவையில் அகப்பட்டு அழிந்தது. அவ்வாண்டெழுத்தைத் தாங்கிய காசொன்றைக் கையில் எடுக்கும் மாணவன், ஆற்றங்கரையில் நிகழ்ந்ததைப் பாடநூலிலும் தெளிவாக உணர்வான். 1815இல் கண்டி வீழ்ந்தது. அவ்வாண்டுச் செப்புக் காசில் ஒருபுறம் மூன்றாம் ஜோர்ஜின் தலை, மறுபுறம் யானை. 1821இல் நான்காம் ஜோர்ஜின் தலையும் யானையும் கொண்ட வெள்ளி இறைசாலை அடித்தனர். 1825இல் அதன் மதிப்பு ஒரு சிலிங்கும் ஆறு பென்சும் என வரையறுக்கப்பட்டுப் பவுண் கணக்கு நாட்டில் நுழைந்தது.

அரசின் கணக்கு பவுணாயினும், மலைநாட்டின் காசை மாற்றியவர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரே. கோப்பித் தோட்டங்களில் வேலை செய்ய மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த அம்மக்களுள் எண்ணற்றோர் வழியிலேயே மடிந்தனர். எஞ்சியவருள் கண்டிக்குச் சென்றோர் கட்டுகஸ்தோட்டைத் துறையைக் கடந்தனர். மாத்தளைக்கு இருப்புப்பாதை வந்தது 1880இலேதான். அவர்கள் அறிந்த காசு இந்திய ரூபா; ஊரில் மாற்றத்தக்கதும் அதுவே. தோட்டக்கூலிக்காக ரூபா பெருகி வந்தமையால் அரசே ஈற்றில் அதற்கு இணங்க நேர்ந்தது. 1869இல் ரூபா சட்டச் செலாவணியாயிற்று. 1872 முதல் ரூபாவும் சதமும் நாட்டின் கணக்காயின. தம் பெயரை எந்த ஏட்டிலும் எழுதிவையாது மறைந்த ஏழை மக்கள், ஒரு நாட்டின் நாணய முறையில் தம் அடையாளத்தைப் பதித்துச் சென்றனர். இன்று நாம் ரூபா என்று சொல்லுந்தோறும் அவர்களை நினைவு கூர்தல் தகும்.

பொன்னைப் பொறுத்தவரை ஆங்கிலேயரின் 'சவரின்' காசே தமிழர் இல்லங்களிற் புகுந்தது. இருபத்திரண்டு மாற்றுப் பொன்னாலான அதன் எடை 7.98 கிராம். 1918ஆம் ஆண்டில் மட்டும் பம்பாய் அக்கசாலையிலும் அது அடிக்கப்பட்டது. காலப்போக்கிற் காசு மறைந்தது. அதன் பெயரும் எடையும் எஞ்சின. தாலிக்கொடி எத்தனை பவுண் என்று கேட்கும் தாய்மார், அரசுக்காசொன்றின் நினைவை எட்டுக் கிராம் என்னும் அளவாகக் காத்து வருகின்றனர். காசு போய் அளவானதற்கு வழி ஒன்றே: காசை உருக்கி நகையாக்கினர். காசுமாலையிற் கோத்தவையும் காதில் துளைபட்டு, பொடி வைத்து ஒட்டப்பட்டுத் தம் முகத்தை இழந்தன.

அமெரிக்காவிற் பொற்காசுத் தொகுப்பு

இதற்கு மாறாக, காசைத் தொகுப்போருக்கென்றே அரசு அக்கசாலை தனிக்காசு அடித்த நாடும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் பிலதெல்பியா அக்கசாலையில், நாட்டில் வழங்கும் காசுகளோடு 'புரூப்' என்னும் சிறப்புக் காசுகளும் செய்யப்பட்டன. அச்சும் காசுத் தகடும் தனியாகச் செம்மை செய்யப்பட்டு, பேரழுத்தத்தோடு அச்சிடப்பட்டு, ஒவ்வொன்றாகக் கையாளப்பட்ட காசுகள் அவை. கண்ணாடிபோற் பளபளக்கும் பரப்பே முன்னர் அவற்றின் அடையாளம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கலை புதுவழியிற் சென்றது. பழைய கிரேக்கக் காசுகளின் அழகிற் பெருவிருப்புக் கொண்ட தியடோர் ரூசுவெல்ற், தம் நாட்டுப் பொற்காசுகளும் அத்தகைய எழில் பெறவேண்டுமென எண்ணிச் சிற்பி ஒகஸ்தஸ் செயின்ற்-கோடன்சிடம் அப்பணியை ஒப்படைத்தார். தீப்பந்தமும் ஒலிவக்கிளையும் ஏந்தி நடந்துவரும் சுதந்திரத் தேவியின் உருவம் இருபது தாலர்க் காசில் அமைந்தது. அதன் எடை 33.4 கிராம். 1907 ஓகஸ்டில் சிற்பி மறைந்தார். அவ்வாண்டிலேயே காசு வெளிவந்தது. மறு ஆண்டில் பேலா லயன் பிராற் என்னும் சிற்பி இரண்டரைத் தாலர், ஐந்து தாலர்க் காசுகளில் உருவத்தைப் புடைத்தெழச் செய்யாது உள்ளமிழ்த்திச் செதுக்கினார். அழுக்கு அதில் தங்குமென்று பிலதெல்பியாக் காசு வணிகர் ஒருவர் முறையிட்டதும் உண்டு.

இப்புதிய உருவங்களின் மேடுபள்ளத்தில் கண்ணாடிப் பளபளப்பு பொருந்தவில்லை. ஆகவே 1908இல் நுண்மணல் பாய்ச்சி மங்கலாக்கிய பரப்பு வந்தது. 1909, 1910ஆம் ஆண்டுகளில் மென்மையான ஒளியுடைய வேறொரு பரப்பு. 1911 முதல் மீண்டும் மணல் பாய்ச்சியது. தொகுப்போர் பலர்க்கு மங்கற் பரப்பு உவப்பாயில்லை. வாங்குவோர் குறைந்தனர். இருபது தாலர்ப் புரூப் காசு 1908இல் 101, 1909இல் 67, 1910இல் 167, 1911இல் 100, 1912இல் 74, 1913இல் 58, 1914இல் 70, 1915இல் 50 எனப் பதிவேடு கூறுகின்றது. 1915உடன் பொன்னாலான புரூப் காசு நிறுத்தப்பட்டது. அன்று வாங்குவாரற்ற அப்பொருள் இன்று செல்வருக்கும் எளிதிற் கிட்டாத அரும்பொருளாயிற்று.

1933இல் பொருளாதார நெருக்கடியின்போது அமெரிக்க மக்கள் தம் பொன்னை அரசிடம் ஒப்படைக்குமாறு பிராங்கிளின் ரூசுவெல்ற் ஆணை பிறப்பித்தார். அரிய காசுகளைத் தொகுப்போர்க்குத் தனி மதிப்புடைய பொற்காசுகளை அவ்வாணை விலக்கி வைத்தது. பொன் வேறு, காசு வேறு என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்ட இடம் இது. அவ்வாண்டில் அடித்த இருபது தாலர்க் காசுகள் 445,500. நாட்டில் வழங்காமலே 1937இல் அவை உருக்கப்பட்டன. தப்பிய சிலவற்றுள் ஒன்று எகிப்து மன்னர் பாறூக்கின் தொகுப்பிற் சேர்ந்தது. அரச ஏற்றுமதி உத்தரவு பெற்ற காசெனக் கருதப்படும் ஒன்று 2002இல் ஏழரை மில்லியன் தாலருக்கும், 2021இல் ஏறக்குறைய 18.9 மில்லியன் தாலருக்கும் விலைபோயிற்று. அதிலுள்ள பொன் ஓர் அவுன்சுக்கும் சற்றுக் குறைவு. ஏனைய விலை முழுவதும் உருக்கப்பட்ட இலட்சக்கணக்கான காசுகள் விட்டுச்சென்ற வெற்றிடத்தின் விலை எனலாம்.

நம் நாடும் பின்னாளில் இம்முறையை மேற்கொண்டது. சுதந்திரம் பெற்ற ஐம்பதாம் ஆண்டு நிறைவை முன்னிட்டு இலங்கை மத்திய வங்கி 1998இல் ஐயாயிரம் ரூபா மதிப்புள்ள பொற்காசை வெளியிட்டது.

தொகுப்போரும் வரலாறும்

செல்வருக்கு விலை பெரிது. வரலாறு பயில்வோர்க்கோ காசின் செய்தி பெரிது. இந்நாட்டிற் காசுகளைத் தேடித் தொகுத்து ஆராய்ந்தோர் அவ்விரண்டாம் வகையினர். பின்னாளிற் பாளிமொழிப் பேரறிஞராய் விளங்கிய றைஸ் டேவிட்ஸ், இலங்கைச் சிவில் சேவையிற் பணியாற்றியவர். 1877இல் இலங்கையின் பண்டைக் காசுகளையும் அளவைகளையும் பற்றி நூல் வெளியிட்டார். கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. மற்றொரு சிவில் சேவையாளரான கொட்றிங்டன், 1924இல் அந்நூதனசாலையின் வெளியீடாக இலங்கை நாணயங்களைப் பற்றிய பெருநூலைத் தந்தார். காசு ஒவ்வொன்றையும் நிறுத்து, அளந்து, கிடைத்த இடத்தோடு பதிந்த அந்நூலே இத்துறைக்கு இன்றும் அடிப்படை.

தமிழர் நன்றியுடன் நினைக்க வேண்டியவர் நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர். நந்தியும் 'சேது' என்னும் தமிழ்ச்சொல்லும் பொறித்த செப்புக் காசுகள் யாழ்ப்பாணத்திற் கிடைத்து வந்தன. சேது என்னும் சொல்லை நோக்கி அவை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை என எண்ணினோர் உளர். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளே அவற்றை வெளியிட்டனர் என்பதை ஞானப்பிரகாசர் 1920இல் எழுதிய ஆங்கிலக் கட்டுரையால் நிலைநாட்ட முயன்றார். கொட்றிங்டனும் அவற்றை யாழ்ப்பாண மன்னர்க்கே உரியன எனக் கொண்டார். ஓர் அரச மரபின் இருப்பையும் இறைமையையும் பொன்னின் விலையில் ஒரு சிறு கூறும் பெறாத செப்புத் துண்டுகள் மீட்டுத் தந்தன. செம்பாயிருந்தமையாலேயே அவை உருக்குவாரின்றி எஞ்சின என்பதும் எண்ணத்தக்கது. அம்மன்னர் பொன்னாக விட்டுச்சென்றவை எத்தனை மூசைகளில் மறைந்தனவோ!

இழப்பும் கடமையும்

பொன்னை உருக்குவோர் தீயோர் அல்லர். வறுமை வந்தபோது பொற்காசு ஒரு குடும்பத்தைக் காத்திருக்கின்றது. மகளின் திருமணத்துக்கு அது தாலியாயிற்று. அதனைக் குறை கூறுதல் தகாது. ஆயினும் வயலில் ஏர் முனையிலும் கிணறு தோண்டுங்கால் மண்வெட்டியிலும் பழங்காசொன்று அகப்படும்போது, அதனை உடனே தட்டாரிடம் கொண்டு செல்வோர் தாம் இழப்பது யாதென அறிவதில்லை. கையிற் கிடைப்பது நான்கு கிராம் பொன்னின் விலை. மூசையிற் போவது ஒரு மன்னனின் பெயராயிருக்கலாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் இத்தகைய பொருள்களைக் காக்க எழுந்தது. சட்டம் நூலில் இருத்தல் மட்டும் போதாது. கண்டெடுத்தவர் மனத்தில் அறிவு இருத்தல் வேண்டும்.

காசைக் காப்போரும் அறியாமையால் அதனைக் கெடுப்பதுண்டு. புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கிய பழங்காசு பளபளக்கும். ஆனால் எழுத்தின் நுண்கோடுகள் தேய்ந்துவிடும். பழங்காசைத் துலக்காதிருத்தலே அதற்குச் செய்யும் முதல் நன்மை. அடுத்து, கிடைத்த இடத்தையும் நாளையும் உடன்கிடைத்தவற்றையும் எழுதிவைத்தல் வேண்டும். கஹவணு ஒன்று பொலன்னறுவையிற் கிடைப்பதும் யாழ்ப்பாணக் கரையிற் கிடைப்பதும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. இடமறியாத காசு, முகவரியற்ற கடிதத்தைப் போன்றது. எழுத்திருந்தும் எவரிடமிருந்து வந்ததெனத் தெரியாது.

மலைநாட்டுத் தமிழ் மாணவர்க்கு இக்கடமை மிகவும் நெருங்கியது. அரச மரபினர் கல்லிலும் செம்பிலும் தம்மை எழுதி வைத்தனர். மாத்தளைக் காட்டுவழியே வந்தோர் அவ்வாறு எழுதியவர் அல்லர். அவர்தம் பேரர் இல்லங்களில், பழைய பெட்டியின் அடியிலும் மஞ்சட் துணி முடிச்சிலும், விக்டோரியா அரசியின் தலை பொறித்த ரூபாவோ, தேய்ந்துபோன சதமோ, நேர்த்திக்கு முடிந்து வைத்த காசோ இருத்தல் கூடும். சந்தையில் அவற்றுக்குப் பெருவிலை இல்லை. ஆயின் யார் கொணர்ந்தார், எத்தோட்டத்தில் உழைத்தார், எதற்காகச் செலவிடாது வைத்தார் என்பதை முதியோர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தால், பதிவேட்டில் இல்லாத ஒரு குடும்ப வரலாறு அக்காசின் பின்னால் எழுந்து நிற்கும்.

பிலதெல்பியாவில் ஓராண்டில் ஐம்பது காசுகள் அடிக்கப்பட்டன என்பதை நூறாண்டுக்குப் பின்னும் உலகம் அறிகின்றது. எவரோ ஒருவர் எண்ணி எழுதி வைத்தமையே காரணம். ஈழநாட்டில் எத்தனை பொற்காசுகள் அடிக்கப்பட்டன என்பதைச் சொல்ல ஏடில்லை. எஞ்சியவற்றையேனும் எண்ணி, எழுதி, மூசைக்குத் தப்புவித்தல் கற்றோர் கடன். முன்னோர் காசைக் காத்து வைத்த நாணயத்துக்குப் பின்னோர் செலுத்தவேண்டிய நாணயம் அதுவேயாகும்.